ஐம்பத்து மூன்று ஓம்

கோவில்பட்டிக் கடைத்தெருவிலிருந்து உள்ளே திரும்பும் சந்துகளில் ஒன்று. வாசலுக்கு மேலே கம்பியில் மின்விசிறி இறக்கைகள் கொத்தாகத் தொங்குகின்றன. அதைவிட வேறு பெயர்ப்பலகை வேண்டியதில்லை. உள்ளே வயிறு திறந்த மிக்சிகள், கைப்பிடி கழன்ற இஸ்திரிப் பெட்டிகள், காயில் கருகிய தண்ணீர் மோட்டார்கள். வார்னிஷ் வாசனை சந்துமுனை வரை வருகிறது. சாமானைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்காக வாசலில் ஒரு மரப்பெஞ்சு. அதில் உட்கார்ந்திருப்பவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

முதலில் கண்ணில் படுவது சுவரில் அறைந்த பலகை. அதில் இரண்டு முள் மீட்டர்கள், ஒன்று வோல்ட் காட்டுவது, மற்றது ஆம்பியர் காட்டுவது. கீழே ஒரு பிளக் பாயிண்ட், ஓரமாகச் சோதனைக்கு ஒரு சீரிஸ் பல்ப். கடைக்கு வரும் எந்தச் சாமானையும் முதலில் இந்தப் பலகையில்தான் மாட்டுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் இரும்பு பீரோவின் கதவு முழுக்கச் சாக்பீஸ் எண்கள். அழித்து எழுதி, அழித்து எழுதி, கதவின் பச்சைப் பெயிண்டே வெளுத்துவிட்டது.

அண்ணாச்சிக்கு அறுபதை ஒட்டிய வயது. கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஒரு ஸ்டேட்டரின் பள்ளங்களில் கம்பியைத் திணித்துக்கொண்டிருக்கிறார். எதிரே ஸ்டூலில் ஒரு பையன். பகலில் ஐ.டி.ஐ., சாயங்காலம் இங்கே. சாக்பீஸ் எப்போதும் அவன் கையில்தான்.

இரவுநேர இட்லிக் கடை போடும் அக்கா ஒருத்தர் ஹீட்டர் ராடைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.

"அண்ணாச்சி, இதுல தண்ணி சூடாகவே மாட்டேங்கு. வாங்குன புதுசுல அரை மணி நேரத்துல கை பொறுக்காது. இப்ப ஒரு மணி நேரம் கெடந்தாலும் வெதுவெதுன்னுதான் இருக்கு. வேற ராடு குடுத்துருங்க."

அண்ணாச்சி தலையை மட்டும் ஆட்டுகிறார். பையன் வாளியில் தண்ணீர் பிடித்து, ராடை முக்கி, பலகையில் மாட்டி, அதன் பிறகுதான் சுவிட்சைப் போடுகிறான். இந்த வரிசை மாறுவதே இல்லை. இரண்டு முட்களும் எழும்புகின்றன. வோல்ட் 230. ஆம்பியர் முள் நான்கைத் தாண்டி, நாலரைக்குச் சற்று முன்னால் நிற்கிறது. 4.35 என்று படிக்கிறான்.

பீரோக் கதவில் இரண்டு வரி. 230 ÷ 4.35 = 52.9. அதன் கீழே 230 × 4.35 = 1000.

"ஐம்பத்து மூணு ஓம் அண்ணாச்சி. ஆயிரம் வாட்டு. ராடுல எழுதியிருக்க மாதிரியே இருக்கு."

"அப்ப ராடு மேல குத்தம் இல்ல. குத்தம் எங்க?"

பையன் ராடைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். "ராட என்னத்தப் பாக்க? அந்தக் கதவப் பாரு" என்கிறார் அண்ணாச்சி. பிறகு அக்காவிடம் கேட்கிறார், எந்நேரத்துக்குத் தண்ணீர் வைக்கிறீர்கள் என்று. சாயங்காலம் ஏழு மணிக்கு. அந்நேரம் வீட்டில் பல்ப் எப்படி எரிகிறது? மங்கல்தான், தெருவிலேயே கடைசி வீடு.

"உங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஃபேன் மாட்டப் போயிருந்தேன். ஏழு மணிக்கு நூத்தி எண்பதுதான் காட்டுச்சு. ஏல, நூத்தி எண்பதுல இந்த ராடு எத்தன வாட்டு?"

பையன் உடனே 180 × 4.35 என்று எழுதுகிறான். 783 வருகிறது.

"வோல்ட்டு கொறஞ்ச பெறகும் அதே ஆம்பியரையா இழுக்கும்?"

சாக்பீஸ் நிற்கிறது. பையன் மேல்வரியைப் பார்க்கிறான், கீழ்வரியைப் பார்க்கிறான்.

"எது மாறும், எது மாறாது? அத மொதல்ல சொல்லு."

"ஓம் மாறாது அண்ணாச்சி."

"பெறகென்ன?"

180 ÷ 53 = 3.4. 180 × 3.4 = 612. எழுதிவிட்டுப் பையன் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். வோல்ட் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே குறைந்திருக்கிறது. சூடு ஐந்தில் இரண்டு பங்குக்குப் பக்கமாகக் குறைந்துவிட்டது. வோல்ட் இறங்கும்போது ஆம்பியரையும் கூட இழுத்துக்கொண்டு இறங்குவதால் சூட்டில் இரட்டை அடி. ஓமைக் கண்டுபிடித்து வைத்திருப்பதன் பலன் இங்கேதான் தெரிகிறது. வோல்ட் தெருவுக்குத் தெரு, மணிக்கு மணி மாறும். ஆம்பியர் அதற்குத் தக்கபடி ஏறி இறங்கும். 53 ஓம் அந்தக் கம்பியின் சொந்தக் குணம். அதைக் கையில் பிடித்துக்கொண்டால், பார்க்காத வீட்டில், பார்க்காத நேரத்தில் அந்த ராடு என்ன செய்யும் என்று இந்தச் சந்தில் இருந்தபடியே சொல்லிவிடலாம்.

அக்காவின் கவலை வேறு. "அவ்வளவு நேரம் ஓடுச்சுன்னா கரண்டு பில்லு கூடாதா?"

அதற்கும் கதவில்தான் பதில். 1000 வாட் அரை மணி நேரம் எரிந்தால் அரை யூனிட். அதே சூட்டை 612 வாட்டில் கொண்டுவர 49 நிமிடம். 612 ஐ 49 ஆல் பெருக்கி 60 ஆல் வகுத்தால் 500 வாட்-மணி, அதே அரை யூனிட். வாளியிலிருந்து காற்றுக்குப் போகும் சூட்டுக்காகக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அண்ணாச்சி அவருக்குப் புது ராடு கொடுக்கவில்லை. தெரு முழுக்க ஒரே கம்பியில் போகிறது, சாயங்காலம் எல்லா வீட்டிலும் இழுக்கிறார்கள், கம்பியின் சொந்த ஓமிலேயே கொஞ்சம் வோல்ட் தங்கிவிடுகிறது, கடைசி வீட்டுக்கு மிச்சம்தான் வரும் என்று விளக்கி, லைன்மேனிடம் எழுதிக் கொடுக்கச் சொல்லி, மூடி வைத்துத் தண்ணீர் சுடவைக்கச் சொல்லி அனுப்புகிறார். காசு வாங்கவில்லை.

பீரோக் கதவில் பையன் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்த அந்த வகுத்தலை முதலில் செய்து காட்டியவர் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். ஜார்ஜ் சைமன் ஓம், 1789 இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போய்ப் பெரிதாகப் படிக்காத அப்பாதான் தானே கற்ற கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஓம் கொலோன் நகரத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது சோதனைகளைத் தொடங்கினார். அன்றைய மின்கலங்களின் மின்னழுத்தம் நிமிடத்துக்கு நிமிடம் தளர்ந்தது. அளந்த எண் எதையும் நம்ப முடியவில்லை. நண்பர் ஒருவரின் யோசனைப்படி அவர் வேறு வழி பிடித்தார். பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த இணைப்பில் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தால் சிறிய, ஆனால் ஆடாத மின்னழுத்தம் கிடைக்கும். அதோடு ஒரே தடிமனில் வெவ்வேறு நீளத்துச் செம்புக் கம்பிகளை மாட்டி, தொங்கும் காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். 1827 இல் பெர்லினில் புத்தகம் வந்தது. சொந்த நாட்டில் உரிய வரவேற்பு இல்லை. கொலோன் வேலையையும் விட்டார். 1841 இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் பேர் வந்தது. அவர் இறந்து ஒரு தலைமுறை கழித்து, 1881 இல் பாரிசில் கூடிய மின்னியலாளர் மாநாடு தடையின் அலகுக்கு அவர் பெயரை வைத்தது. முதலில் ஆடாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் பிறகு அளந்ததுதான் அவர் செய்த பெரிய காரியம் என்று தோன்றுகிறது. "எது மாறாது, அத மொதல்ல சொல்லு" என்று அண்ணாச்சி கேட்டதும் அதே கேள்விதான்.

ஒரு பெரியவர் பழைய சுருள்கம்பி அடுப்போடு வருகிறார். கம்பி அறுந்த இடத்தைத் தானே முறுக்கிச் சேர்த்திருக்கிறார். திரும்பத் திரும்ப அறுகிறதாம். அண்ணாச்சி சுருளை விரலால் நீவிப் பார்க்கிறார். அறுந்த துண்டுகளை வெட்டி எறிந்ததில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. பெரியவர் கணக்கில், கம்பி குறைந்தால் சூடும் குறைய வேண்டும். பையன் எழுதுகிறான்: இதுவும் அந்த ராடைப் போல 53 ஓம் என்று வைத்தால், பத்தில் ஒன்று போக 47.7, 230 ÷ 47.7 = 4.82 ஆம்பியர், 230 × 4.82 = 1109 வாட். நீளம் குறைந்த கம்பியில் சூடு கூடிப்போய், ஏற்கெனவே நலிந்த இடத்தில் மறுபடி அறுகிறது. பெரியவர் கதவருகே வந்து எண்களை நின்று படிக்கிறார். புதுச் சுருள் வாங்கிப் போகிறார்.

அடுத்து வந்த பிளக் டாப்தான் அன்று பார்த்தவற்றில் மனதைவிட்டு அகலாதது. ஒரு தையல்கடைக்காரர் கொண்டுவந்தார். வீட்டில் 1500 வாட் கீசர் மாட்டியிருந்த பிளக்காம். ஒரு பின்னைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி, உருகி, ஒரு பக்கம் வழிந்திருக்கிறது. பித்தளைப் பின் கறுத்திருக்கிறது. அவருக்குப் புரியாதது ஒன்றே ஒன்று. கீசர் நன்றாகத்தான் வேலை செய்தது. எம்.சி.பி. விழவே இல்லை. பிறகு ஏன் எரிந்தது?

அண்ணாச்சி இப்போதுதான் ஸ்டேட்டரைக் கீழே வைக்கிறார்.

"ஏல, ஆயிரத்தி ஐநூறுன்னா எத்தன ஆம்பியர்?"

"ஆறரை அண்ணாச்சி."

"அந்தப் பின்னு சாக்கெட்டுல லூசா ஒக்காந்துருக்கு. அந்த எடத்துல அரை ஓமுன்னு வச்சுக்க. எத்தன வோல்ட்டு அங்க தங்கும்?"

6.5 × 0.5 = 3.25.

"எரநூத்தி முப்பதுல மூணேகால் வோல்ட்டு. யாருக்காவது தெரியுமா? கீசருக்குத் தெரியுமா? தெரியாது. இப்ப அந்த எடத்துல எத்தன வாட்டு?"

3.25 × 6.5. பையன் பெருக்குகிறான். 21.

அண்ணாச்சி மேசையில் ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும் சோல்டரிங் அயனை எடுத்துத் தையல்கடைக்காரரிடம் காட்டுகிறார். கைப்பிடியில் 25 வாட் என்று அச்சடித்திருக்கிறது. ஈயக் கம்பியை அதன் நுனியில் தொடுகிறார். ஈயம் உருகி உருண்டையாகி விழுகிறது. வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தையல்கடைக்காரர் உருகிய பிளக்கையும் ஈய உருண்டையையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை என்பதற்கும் அதே வரியில் பதில் இருக்கிறது. நடுவில் அரை ஓம் கூடினால் மொத்த ஓம் கூடுகிறது. ஆம்பியர் இம்மியளவு குறையத்தான் செய்யும். எம்.சி.பி. பார்ப்பது ஆம்பியர் மிகுகிறதா என்று மட்டும். குறைகிற ஆம்பியரைப் பார்த்து அது ஏன் விழ வேண்டும்? அதனால் இந்தச் சூடு யாருக்கும் தெரியாமல் வேலை செய்கிறது. சூட்டில் சாக்கெட்டின் உள்ளிருக்கும் பித்தளை இதழ் தன் விறைப்பை இழக்கிறது, பிடி இன்னும் தளர்கிறது, மேற்பரப்பு கறுக்கிறது, அரை ஓம் முக்கால் ஓம் ஆகிறது, சூடு இன்னும் கூடுகிறது. ஒன்று மற்றொன்றை வளர்த்துக்கொண்டே போய்ப் பிளாஸ்டிக்கில் முடிகிறது, சில வீடுகளில் திரைச்சீலையில் முடிகிறது. தொட்டுப் பார்த்தால் பிளக் சுடுகிறது என்றால் அங்கே ஓர் ஓம் முளைத்திருக்கிறது என்று பொருள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கைவைத்துப் பார்க்கும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் வர வேண்டும். நம் வீடுகளில் சுவரைத் தேய்த்துச் சுத்தம் செய்கிறார்கள், சாக்கெட்டின் திருகை ஒருவரும் இறுக்குவதில்லை.

ஆம்பியர் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்கு என்பதை 1840 வாக்கில் அளந்து சொன்னவர் ஜூல், இங்கிலாந்தில் சால்ஃபோர்டு நகரத்து மதுவடிப்பாலைக் குடும்பத்துப் பிள்ளை. அந்த விதியின் கோரமான முகத்தைப் பார்க்க இந்தக் கடையின் மூலையில் கிடக்கும் கருகிய மோட்டார்களே போதும்.

அவற்றில் ஒன்றை, அரைக் குதிரைத்திறன் மோனோபிளாக்கை, பையன் பிரித்துக்கொண்டிருக்கிறான். பக்கத்திலேயே வைண்டிங் முடிந்த அதே அளவு மோட்டார் ஒன்று. அதன் ரன்னிங் காயிலில் மல்டிமீட்டரை வைத்தால் 9 ஓம். அவன் பாட்டுக்கு 230 ÷ 9 என்று போடுகிறான். இருபத்தைந்தரை ஆம்பியர்! அரைக் குதிரைத்திறனுக்கு இது வரவே வராது. பலகையில் மாட்டித் தண்ணீர் விட்டு ஓடவிட்டால் ஆம்பியர் முள் மூன்றரையில் நிற்கிறது.

"கணக்கு தப்பா அண்ணாச்சி?"

"கணக்கு தப்பில்ல. அது ராடுக்கு உள்ள கணக்கு. இது சுத்துதுல்ல? காயிலுக்குள்ள எதிர் வோல்ட்டு ஒண்ணு உண்டாயி, வாரதத் தள்ளிக்கிட்டே இருக்கு. கம்பி ஓம வச்சு மோட்டார் ஆம்பியரச் சொல்ல முடியாது. முள்ளத்தான் நம்பணும்."

அதுபோலவே 230 ஐ 3.5 ஆல் பெருக்கினால் வரும் 805 உம் அப்படியே வாட் ஆகிவிடாது. மோட்டாரில் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போவதில்லை. அந்தப் பிசகுக்காகப் பவர் ஃபாக்டர் என்ற இன்னொரு எண்ணால் பெருக்க வேண்டும். அண்ணாச்சி அதை மேலோட்டமாகச் சொல்லிவிட்டு, கருகிய காயிலுக்கு வருகிறார். மணல் புகுந்து இம்பெல்லர் இறுகியதும் ரோட்டார் நின்றுவிட்டது. நின்ற உடனே எதிர் வோல்ட் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மூன்றரை ஆம்பியர் 14 ஆகிறது என்று வைத்தால்? பையன் எழுதுகிறான். ஓடும்போது 3.5 × 3.5 × 9 = 110 வாட். நின்றபோது 14 × 14 × 9 = 1764 வாட். காயிலுக்குள் மட்டும் இவ்வளவு. ஒரு இட்லிக் கடை வாளியைச் சுடவைக்கும் சூட்டைவிட அதிகம், காற்று புகாத இரும்புக் கூட்டுக்குள், எனாமல் பூசிய கம்பியில். சில நிமிடங்களில் கருகுவதில் ஆச்சரியம் இல்லை. பையன் கருகிய காயிலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

வோல்ட் குறைந்தாலும் மோட்டார் ராடைப் போல அடங்கிப் போகாது. சுமை அப்படியே இருக்க, வேகம் தளர, எதிர் வோல்ட் குறைய, ஆம்பியர் ஏறும். 180 வோல்ட்டில் ராடு மெதுவாகச் சுடும். மோட்டார் தன்னையே சுட்டுக்கொள்ளும். ஒரே தெருவின் ஒரே குறை, இரண்டு சாமான்களில் இரண்டு விதம்.

இதற்கிடையில் சரிசெய்த ஹீட்டர் ராடுகளை வரிசையாக மெகரில் வைத்துப் பார்க்கிறான் பையன். மேல் குழாய்க்கும் உள் கம்பிக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்ற சோதனை. இதைச் செய்யும்போது மட்டும் அண்ணாச்சி தன் வேலையை நிறுத்திவிட்டு அவன் கையையே பார்க்கிறார். ஈரக் கையோடு வாளியைத் தொடுகிறவரின் உடம்பு 1000 ஓம் என்று வைத்தால், 230 ÷ 1000, கால் ஆம்பியருக்குப் பக்கம். வீட்டில் ஆளைக் காப்பதற்காக மாட்டும் ஆர்.சி.சி.பி. விழுவது 30 மில்லி ஆம்பியரில். அதைப் போல ஏழெட்டு மடங்கு உடம்பு வழியாகப் போகும். ஓமுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கிலாந்தில் கேவண்டிஷ் என்ற விஞ்ஞானி தன் உடம்பில் விழும் அதிர்ச்சியை ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் மின்தடையை அளந்தார். எழுதி வைத்ததை வெளியிடவில்லை, இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1879 இல் பதிப்பித்த பிறகே உலகுக்குத் தெரிந்தது. இன்று மீட்டர் இருக்கிறது. உடம்பை மீட்டராக்க வேண்டிய அவசியம் ஒருவருக்கும் இல்லை. கசிவு காட்டிய ராடு ஒன்றை அண்ணாச்சி வாங்கி, கம்பி வெட்டியால் அதன் வயரை அடியோடு வெட்டிவிட்டு, பழைய இரும்புக் கூடையில் போடுகிறார். இனி யாரும் எடுத்து மாட்ட முடியாது.

விளக்கு வைக்கும் நேரம். அண்ணாச்சி டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போயிருக்கிறார். பைக்கில் வந்த இளைஞர் ஒருவர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கேட்கிறார், விலை குறைவானதாக. பையன் எடுத்து வைக்கிறான். காசை வாங்கக் கை நீட்டியவன், நீட்டிய கையோடு கேட்கிறான்.

"எதுக்குண்ணே மாட்டப் போறீய?"

"இண்டக்‌ஷன் அடுப்பு. பாயிண்ட் தூரத்துல இருக்கு."

"எத்தன வாட்டு?"

"ரெண்டாயிரம்."

பையன் பாக்ஸைத் திருப்பி அடியில் அச்சடித்திருப்பதைப் படிக்கிறான். 6 ஆம்பியர். கதவில் இடம் தேடி எழுதுகிறான்: 2000 ÷ 230 = 8.7.

"இது தாங்காதுண்ணே. ஆறுக்கு உள்ளது. நீங்க ஒம்பது ஆம்பியர் பக்கத்துல இழுக்கீய."

"எல்லாரும் இதத்தானப்பா மாட்டுறாங்க. நீ குடு."

பையன் கொடுக்கவில்லை. கடையின் ஓரத்தில் வைத்திருந்த உருகிய பிளக்கை எடுத்து மேசையில் வைக்கிறான். அண்ணாச்சி டீக்கடை வாசலில் நின்றபடி இந்தப் பக்கம் பார்க்கிறார், குரல் கொடுக்கவில்லை. இளைஞர் பிளக்கைக் கையில் எடுத்து, வழிந்து உறைந்த பிளாஸ்டிக்கை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார்.

"அப்ப என்னதான் போடணும்?"

"பதினாறு ஆம்பியர் பிளக்கு டாப்பு, பதினாறு ஆம்பியர் பாக்ஸு, ரெண்டரை ஸ்கொயர் வயரு. வெல கூடத்தான்ணே செய்யும்." பையன் வயர்க் கட்டை இறக்கி, மேசை ஓரத்தில் அறைந்திருக்கும் மீட்டர் கம்பியருகே நுனியை வைத்துக்கொண்டு நிமிர்கிறான். "அடுப்புக்கும் பாயிண்டுக்கும் எத்தன மீட்டரு இருக்கும்?"